மேக்னம் ரிவால்வர் ஏன் அப்படி உதைக்கிறது?

செம்பனைக் கன்று நட்ட புதுக் காட்டில் பன்றி இறங்கினால், விடிவதற்குள் வரிசை வரிசையாகக் குருத்தைத் தோண்டித் தின்றுவிட்டுப் போய்விடும். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது அதற்குக் காவல் என் சித்தப்பா. லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக் குழல் 12 போர் துப்பாக்கியோடு ராத்திரி முழுக்கக் கன்றுக் காட்டில் உட்கார்ந்திருப்பார். காலையில் லயத்துக்கு வந்து சட்டையைக் கழற்றினால், வலது தோளில் நாவற்பழ நிறத்தில் ஒரு திட்டு இருக்கும். சித்தி நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவிக்கொண்டே, "கட்டைய தோளோட ஒட்டி அணைச்சுப் புடிங்கன்னா கேக்குறீங்களா? எடம் விட்டுப் புடிச்சா அது உதைக்கத்தானே செய்யும்" என்பார். சித்தி துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் உதையைப் பற்றி நான் பிற்பாடு கற்றுக்கொண்டதில் பாதி அந்த ஒரு பேச்சில் அடங்கியிருந்தது.

இப்போது நகரத்து ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தால், பையன்கள் கைபேசியை நீட்டுகிறார்கள். பெரிய ரிவால்வர் ஒன்று ஒருவர் கையிலிருந்து எகிறி நெற்றியில் அடிக்கிறது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். "மாமா, நீங்க போலீஸ் பந்துவானில இருந்தவங்க. இந்த மேக்னம் நெசமாவே கைய ஒடிச்சிடுமா?" என்று கேட்கிறார்கள். 22 ஆண்டுகள் துணைப் போலீசில் இருந்தவன் நான். ஆண்டுதோறும் 38 ரிவால்வரால் சுட்டுத் தேறியவன், பிறகு புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். அந்தப் பையன்களுக்குச் சொல்லும் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மேக்னம் என்பது வழக்கமானதைவிடப் பலமான தோட்டா. 38, 44 போன்ற எண்கள் குண்டு எவ்வளவு தடிமன் என்பதைக் குறிப்பவை.

முதலில் கணக்கு. நான்காம் படிவ இயற்பியலில் படித்த உந்தம்தான். குண்டின் எடையை வேகத்தால் பெருக்கினால் என்ன வருகிறதோ, அதே அளவு உந்தம் எதிர்ப்பக்கமாகத் துப்பாக்கிக்கும் வந்து சேரும். குண்டுக்குப் பின்னால் வெடிமருந்து எரிந்த வாயுவும் வெளியே பாய்கிறது. எடை கொஞ்சம்தான் என்றாலும் வேகம் விநாடிக்கு 1,200 மீட்டர் அளவில் இருக்கும். 44 மேக்னத்தின் மொத்த உதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த வாயு தருவதுதான்.

நாங்கள் பயன்படுத்திய வகை 38 ரிவால்வர் ஏறக்குறைய 900 கிராம். அதன் குண்டு 10 கிராம், வேகம் விநாடிக்கு 230 மீட்டர். கணக்குப் போட்டால் துப்பாக்கி விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது; அதன் ஆற்றல் 4 ஜூல். ஒரு கிலோ சீனிப் பொட்டலம் முழங்கால் உயரத்திலிருந்து கையில் விழுந்தால் எப்படியோ அப்படி. 44 மேக்னத்தில் குண்டு பதினைந்தரை கிராம், வேகம் 420 மீட்டர், துப்பாக்கி 1,350 கிராம். பின்னால் வரும் வேகம் 6 மீட்டர், ஆற்றல் 26 ஜூல். அதே சீனிப் பொட்டலம் இப்போது இரண்டரை மீட்டருக்கும் மேலிருந்து விழுகிறது.

சித்தப்பாவின் 12 போருக்கும் இதே கணக்கைப் போட்டால் பையன்கள் நம்ப மறுக்கிறார்கள். 32 கிராம் ஈயச் சில்லு, விநாடிக்கு 390 மீட்டர், துப்பாக்கி 3.2 கிலோ. உதையின் ஆற்றல் 37 ஜூல் வருகிறது. படத்தில் மிரட்டும் 44 மேக்னத்தைவிட, நகைக்கடை வாசலில் காவல் நிற்கும் ஜாகா பிடித்திருக்கும் அதே 12 போர் பம்ப் கன்னுக்கு உதையின் ஆற்றல் அதிகம். அப்படியிருந்தும் அதைச் சுட்டவர்கள் தோளைத் தேய்த்துவிட்டுப் போகிறார்கள். மேக்னத்தைச் சுட்டவர்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

காரணம் உதை எங்கே விழுகிறது என்பதில் இருக்கிறது. நீளத் துப்பாக்கியின் கட்டை அகலமானது. அது தோளின் சதையில் பதிந்து நிற்கிறது, தோளுக்குப் பின்னால் முழு உடம்பின் எடை இருக்கிறது. கனமான துப்பாக்கி என்பதால் அது வரும் வேகமும் 5 மீட்டருக்குள்தான். உடம்பு அதை ஒரு தள்ளலாக உணர்கிறது. ரிவால்வரில் எல்லாம் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள கவையில் வந்து விழுகிறது. அங்கே சதை மெலிசு. வேகமும் கூடுதல் என்பதால் அடி சுரீரென்று இருக்கும்.

அதோடு குழல் கைக்கு மேலே இருக்கிறது. குண்டு போகும் கோடு மணிக்கட்டின் கோட்டுக்குச் சில சென்டிமீட்டர் உயரத்தில் ஓடுவதால், நேராகப் பின்னால் வர வேண்டிய உதை துப்பாக்கியை மேல்நோக்கிச் சுழற்றுகிறது. கதவைக் கீலுக்கு அருகே தள்ளிப் பாருங்கள், பிறகு கைப்பிடியில் தள்ளிப் பாருங்கள். தள்ளும் இடம் கீலை விட்டு விலக விலக, அதே தள்ளலுக்கு எவ்வளவு சுலபமாகத் திரும்புகிறது! இங்கே கீல் உங்கள் மணிக்கட்டு. தானியங்கிக் கைத்துப்பாக்கியில் மேல்பாகம் பின்னால் சறுக்கி, ஸ்பிரிங்கை அழுத்தி, உதையைக் கொஞ்ச நேரத்துக்குப் பரப்பிவிடும். ரிவால்வரில் நகரும் பாகம் அப்படி எதுவும் கிடையாது. வருவது முழுவதும் ஒரே இரும்பாக வரும்.

இந்தத் தோட்டாக்கள் பிறந்த இடம் அமெரிக்கா. பெரிய அளவு ஒயின் புட்டிக்கு வழங்கிய மேக்னம் என்ற பெயரைத் துப்பாக்கிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற துப்பாக்கி நிறுவனம் 1935இல் 357 மேக்னத்தைக் கொண்டுவந்தது. பழைய 38 ஸ்பெஷல் தோட்டாவின் கூட்டை 3 மில்லிமீட்டர் அளவு நீட்டியதுதான் அது. நீட்டியதற்கே காரணம், பலம் குறைந்த பழைய 38 ரிவால்வரில் அது தவறியும் நுழைந்துவிடக் கூடாது என்பது. ஐடாஹோ மாநிலத்தில் பண்ணை வைத்திருந்த எல்மர் கீத் என்பவர் பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் பலனாக 1955 கடைசியில் 44 மேக்னம் வந்தது. 1971இல் ஒரு ஹாலிவுட் படம் அதை உலகம் முழுக்கப் பேச வைத்தது. வயோமிங்கில் ஃபிரீடம் ஆர்ம்ஸ் நிறுவனம் 454 கசூல் ரிவால்வரைச் செய்தது 1983இல். 2003இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 500 வந்தது. இரண்டு கிலோ எடை இருந்தும் உதை 60 ஜூலைத் தொடும். கரடி நடமாடும் அலாஸ்கா போன்ற இடங்களிலும், கைத்துப்பாக்கியால் பெரிய விலங்கை வேட்டையாட அனுமதி உள்ள மாநிலங்களிலும் இவற்றுக்கு ஒரு வேலை இருக்கிறது. நம் ஊரில் இவற்றுக்கு வேலை இல்லை.

எடையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். லேசான துப்பாக்கி பிடிக்கச் சுலபம் என்று கடையில் தோன்றும். ஸ்காண்டியம் கலந்த அலுமினியச் சட்டமும், தோட்டாக்களைப் போட்டுச் சுழலும் சிலிண்டர் டைட்டானியத்திலுமாக, 329 என்ற மாடலை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 44 மேக்னத்துக்கே செய்தது. எடை 700 கிராம் அளவுதான். நாள் முழுக்க இடுப்பில் வைத்துக்கொண்டு மலை ஏறுபவருக்கு அது வரம். ஆனால் உந்தம் ஏறக்குறைய அதேதான், துப்பாக்கியின் எடை மட்டும் பாதி. எனவே வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகி, உதை 40 ஜூலைத் தாண்டுகிறது. அந்த வேகத்தில் இன்னொரு கோளாறும் நடக்கும். சிலிண்டரில் இன்னும் சுடாமல் இருக்கும் தோட்டாக்களின் கூடு துப்பாக்கியோடு சடாரென்று பின்னால் இழுபடும்போது, குண்டு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். நன்றாக நெரித்துப் பொருத்தாத குண்டு இப்படி உதைக்கு உதை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து, சிலிண்டரின் முன்பக்கம் நீட்டிக்கொண்டு, சிலிண்டரைச் சுற்றவே விடாமல் பூட்டிவிடும்.

இனி பிடிப்புக்கு வருகிறேன். குண்டு குழலை விட்டு வெளியேற விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். கண்ணால் பார்த்தோ கையால் உணர்ந்தோ தசை வேலை செய்யத் தொடங்க அதைப்போல நூறு மடங்குக்கு மேல் ஆகும். ஆக, உதை வந்த பிறகு அதை அடக்குகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. நாம் பார்க்கும் அந்தப் பெரிய எகிறல் குண்டு போன பிறகு நடப்பது. ஆனால் குண்டு குழலுக்குள் இருக்கும்போதே முனை இம்மியளவு எழத் தொடங்கிவிடுகிறது. ரிவால்வரின் முன் குறிமுள் பின்னதைவிட உயரமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குறி சரியாக வைக்கும்போது குழல் உண்மையில் கொஞ்சம் கீழ்நோக்கியே இருக்கும். அந்த எழுச்சிக்கு முன்கூட்டியே விட்ட இடம் அது. இதனால்தான் கனமான, மெதுவாகப் போகும் குண்டு குழலுக்குள் கூடுதல் நேரம் இருந்துவிட்டு, இலக்கில் மேலே போய் விழுகிறது. எதுவானாலும், செய்ய வேண்டியதெல்லாம் விசையை இழுப்பதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

பிடியின் முதுகில் கவை உயரமாக ஏறி, இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். சித்தி சொன்ன அதே பேச்சு. இடைவெளி விட்டால் துப்பாக்கி அந்தக் கொஞ்ச தூரத்தில் வேகம் எடுத்துக்கொண்டு வந்து அடிக்கும். ஒட்டிப் பிடித்தால் கையும் துப்பாக்கியும் ஒரே பொருளாகச் சேர்ந்து நகரும், நகரும் எடை கூடுவதால் வேகம் குறையும். உயரமாகப் பிடிப்பதில் இன்னொரு லாபம், கை குழலின் கோட்டுக்கு நெருங்குவதால் சுழற்சி குறைகிறது. ஆனால் தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தி பின்னால் வரும் வழியில் சதை மாட்டாத அளவுக்குத்தான் உயரம். இடது கை வலது கை விரல்களின் மேல் சுற்றிப் படிந்து, இறுக்கத்தின் பெரும்பங்கை அதுவே ஏற்க வேண்டும். வலது கையே முழுக்க இறுக்கினால் விசை விரலும் சேர்ந்து இறுகிவிடும், குறி கீழே இழுபடும்.

கட்டை விரலைப் பற்றித் தனியாக எச்சரிக்கிறேன். தானியங்கியில் பழகியவர்கள் இரண்டு கட்டை விரல்களையும் முன்னோக்கி நீட்டி வைப்பார்கள். ரிவால்வரில் அதைச் செய்யவே கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி இருக்கிறது. குண்டு அதைத் தாண்டும்போது அந்த இடுக்கிலிருந்து இரு பக்கமும் கொதிக்கும் வாயு கத்தி மாதிரிப் பீறிடும். 38இல் அது விரலைச் சுடும். 460, 500 வகை மேக்னங்களில் விரலையே அறுத்துவிடும். கட்டை விரல்களைக் கீழ்நோக்கி மடக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக, சிலிண்டருக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும்.

மணிக்கட்டு உறுதியாக, முழங்கை இம்மியளவு மடிந்து, உடம்பு முன்னால் சாய்ந்து. முழங்கையை விறைப்பாகப் பூட்டினால் அடி மூட்டுக்குப் போகும். தொளதொளவென்று விட்டால் துப்பாக்கி முகத்துக்கு வரும். நடுவில் இருக்கும் அந்த நிலையில் இரண்டு கையும் ஸ்பிரிங் மாதிரி மேலே எழுந்து தானாகத் திரும்ப வரும். துப்பாக்கி எழத்தான் செய்யும், எழ விடலாம். 1873இன் பழைய கோல்ட் ரிவால்வரின் வளைந்த பிடி, கலப்பைக் கைப்பிடி என்றே பெயர் பெற்றது, உதையைச் சுழற்சியாக மாற்றி உள்ளங்கையில் உருண்டு மேலே போக விடுவதற்குத் தோதானது. சிறிய உதைக்கு அது சுகம். பெரிய தோட்டாவுக்கு அப்படி உருண்டால் சுத்தி கவையில் வந்து குத்தும் என்பதால், பிடி இன்னும் நேராகவும் நீளமாகவும் உள்ள பிஸ்லி வகையைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். ரப்பர் பிடி, கையுறை, குழல் முனையில் வாயுவை மேல்நோக்கி விட்டு முனையைக் கீழே அழுத்தும் துளைகள் எல்லாமே உதவும். துளைகள் சத்தத்தையும் தீப்பிழம்பையும் கூட்டிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

சத்தம் என்றேனே, அது உதையின் உடன்பிறப்பு. மேக்னம் ரிவால்வரின் வெடி 160 டெசிபலைத் தாண்டும். திடீர் ஓசைக்கு 140க்கு மேல் போனாலே காது கெட்டுவிடும். காதுக்குள் அடைப்பானும் அதன்மேல் மூடியும் இரண்டும் போட்டுக்கொண்டு சுட்டவர்கள் பலர், அதே துப்பாக்கி இப்போது மெதுவாக உதைக்கிறது என்பார்கள். கை பயந்தது பாதி, காது பயந்தது பாதி.

நான் 44ஐச் சுட்டது ஒரே ஒரு நாள். மச்சான் மகன் வேலை செய்யும் நெவாடாவுக்குப் போயிருந்தபோது, காசு கட்டிச் சுடும் அரங்கம் ஒன்றுக்கு அழைத்துப்போனான். அங்கிருந்த பயிற்றுநர் வயதானவர். நான் எத்தனை வருஷம் 38 சுட்டவன் என்று சொல்லியும் அவர் முதலில் 44 ஸ்பெஷல் தோட்டாவைத்தான் தந்தார். மேக்னத்தின் அண்ணன் அது, அதே சிலிண்டரில் நுழையும், உதை பாதிகூட இருக்காது. ஆறு சுட்ட பிறகு மேக்னம், அதுவும் சிலிண்டரில் ஒன்றே ஒன்று. சுட்டேன். கண்ணுக்கு முன்னால் மஞ்சளாக ஒரு பந்து, முகத்தில் சூடான காற்று, கை நெற்றி உயரத்தில். வலிக்கவில்லை, ஆனால் என்ன நடந்தது என்று மூளை புரிந்துகொள்ள ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடிக்காகத்தான் ஒரே தோட்டா. மிரண்ட கை துப்பாக்கி நழுவாமல் இறுக்கிப் பிடிக்கும்போது விசை விரலும் சேர்ந்து இறுகி, முனை வானத்தையோ சுட்டவரின் தலையையோ பார்க்கும் நேரத்தில் இரண்டாவது தோட்டாவும் வெடிப்பது உண்டு. பத்துச் சுட்டதும் அவரே போதும் என்றார். அன்று இரவு கட்டை விரலின் அடி வீங்கியிருந்தது. நாள்தோறும் நூறு சுடுகிறேன் என்று போனவர்களுக்கு மணிக்கட்டு நரம்பு மரத்துப்போய்விடுகிறது. புல்வெட்டும் மெஷினை வருஷக்கணக்கில் பிடித்தவர்களின் விரல் மரத்துப்போவதை நாம் தோட்டத்தில் பார்த்திருக்கிறோம்.

அந்தப் பெரியவரைப் போன்றவர் எல்லா இடத்திலும் இருந்துவிட்டால் கைபேசியில் பையன்கள் காட்டும் காட்சிகள் இருக்காது. தெரியாதவர் கையில் நிறைத்த மேக்னத்தைக் கொடுத்துவிட்டு, தள்ளி நின்று படம் பிடிப்பது கொடுமை. அதைப் பார்த்து நான் ஒரு நாளும் சிரித்ததில்லை.

சிரிக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பயிற்சிக் களத்திலேயே, பெயர் சொல்ல விரும்பாத ஒரு பயிற்சியாளர், புதிதாகச் சேர்ந்த ஒரு தோட்டத்துப் பெண்ணின் கையில் முதல் நாளே பம்ப் கன்னைக் கொடுத்தார். கட்டையை எங்கே வைப்பது என்றுகூடச் சொல்லவில்லை. அவள் இரண்டடி பின்னால் போய் விழுந்தாள். அவர் கைதட்டினார், மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். தோளில் இருந்த கன்றல் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு, 38 ரிவால்வரைக் கொடுத்தாலும் விசையை இழுக்கும் முன்பே அவள் கண் மூடிக்கொள்ளும், தோள் குலுங்கும், முனை கீழே இடிக்கும். ஏழு மீட்டரில் இருக்கும் அட்டையில் ஒன்றுகூடப் படவில்லை. உதையை எதிர்பார்த்து உடம்பு முன்கூட்டியே தள்ளும் இந்த மிரட்சிதான் பெரிய துப்பாக்கியின் உண்மையான தீங்கு என்பது என் கருத்து. அடி வாங்கிய கை ஆறும். மிரண்ட கை தானாக ஆறாது. 44ஓ 500ஓ, அதைச் சரியாகச் சுட முடியாமல் போகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தடை இந்த மிரட்சிதான். புஜபலம் குறைந்தவர்கள் அவர்களில் கொஞ்சம் பேர்தான்.

நம் நாட்டில் இதையெல்லாம் யாரும் வீட்டில் முயன்று பார்க்க வழியே கிடையாது, அது நல்லதே. சுங்கை சிப்புட்டில் 1948 ஜூன் 16 அன்று மூன்று தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவசரகாலம் வந்தது. 12 ஆண்டுகள் நீடித்தது. தாத்தா காலத்தவர்கள் துப்பாக்கிக் காவலோடுதான், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றார்கள். அவசரகாலம் முடிந்த அதே 1960இல் வந்த ஆயுதச் சட்டப்படி போலீஸ் லைசென்ஸ் இல்லாமல் ஒரு துப்பாக்கியும் வைத்திருக்க முடியாது. 1971இன் சட்டம் கள்ளத் துப்பாக்கிக்கு 14 ஆண்டுகள் வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது. பையன்களிடம் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு நான் செய்தது பழைய முறைதான், ரிவால்வரில் மட்டும் அவ்வளவு சுலபமாகச் செய்ய முடியும். சிலிண்டரில் இரண்டு தோட்டாவும் நான்கு வெற்றுக் கூடும் கலந்து போட்டு, அவளுக்குத் தெரியாமல் சுற்றிவிட்டு மூடிக் கையில் கொடுப்பேன். எது வெடிக்கும் எது வெடிக்காது என்று அவளுக்குத் தெரியாது. வெற்றுக் கூட்டில் சுத்தி விழும்போது முனை கீழே இடிப்பதை முதல் நாள் அவளே தன் கண்ணால் பார்த்தாள். வெடியும் இல்லை, உதையும் இல்லை, ஆனால் கை மட்டும் குதித்தது. "நானா அண்ணே இத செய்யுறேன்?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். மூன்று வாரம், நாளுக்குப் பதினைந்து நிமிஷம். முன் குறிமுள்ளின் மேல் ஒரு ஐந்து காசு நாணயத்தை வைத்து, அது விழாமல் வெற்றாக விசை இழுக்கச் சொன்னேன். முதல் வாரம் நாணயத்தைப் பொறுக்குவதே வேலையாக இருந்தது.

மூன்றாம் வாரக் கடைசியில் ஒரு காலை, சிலிண்டரைச் சுற்றிவிட்டுக் கொடுத்தேன். அவள் மூச்சை விட்டு, மெதுவாக இழுத்தாள். டக் என்று வெற்றுக் கூட்டில் சுத்தி விழுந்தது. முனை அசையவில்லை. அடுத்தது வெடித்தது, கை எழுந்து அதே இடத்துக்கு வந்து நின்றது. அட்டையைப் பார்க்கக்கூட அவள் திரும்பவில்லை.

"இன்னும் ரெண்டு போடுங்கண்ணே" என்றாள்.